காறல்

ஜூலை 3, வியாழன்

இரண்டாமாண்டு மாணவிகளுக்குத் திங்கட்கிழமை தண்டின் உள்ளமைப்பு செய்முறை. வழக்கமாக மக்காச்சோளத் தண்டு வாங்குவோம். இந்த முறை கிடைக்கவில்லை. வீட்டுக் கூடத்தில் சன்னல் கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கும் மணிபிளான்ட்டில் கொஞ்சம் வெட்டிக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். எவ்வளவு வெட்டினாலும் கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். இது பூத்து நான் பார்த்ததில்லை. யாரோ வெட்டி யாரோ நட்டுத்தான் வீடு வீடாகப் போயிருக்கிறது.

எங்கள் வீட்டுச் செடியைக் கொண்டுவந்தது சமையல் செய்யும் வடிவு. எந்த வீட்டிலிருந்து என்று சொல்ல மறுக்கிறாள்.

"கேட்டு வாங்குனா வளராது டீச்சரக்கா. களவாண்டு வச்சாத்தான் பிடிக்கும்."

கேட்டு வாங்கிய ஒன்றையும் பக்கத்தில் வைத்து வளர்த்துப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"உங்ககூட பேசிக்கிட்டிருந்தா எனக்கு உலை கொதிக்காது" என்று உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 5, சனி

மாமா இன்று காலை கீரைக்காரியிடம் மலையாளத்தில் விலை கேட்டார். அவள் சிரித்தாள். மாமாவும் சிரித்தார். புனலூரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலத்தில் பழகிய மலையாளம். விளையாட்டுக்குப் பேசியிருப்பார்.

சாப்பாட்டுக்குப் பிறகு சன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவது அவருக்குப் பூசை மாதிரி. ஆத்தூர் வெற்றிலைதான் வேண்டும். முகர்ந்து பார்த்தே எந்தக் கொடிக்கால் என்று சொல்வார். சொல்வது சரியா என்று சோதிக்க எனக்கு வழியில்லை. நுனியை நகத்தால் கிள்ளி, காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி மடிப்பார். வாய்க்குக் கெடுதல் என்று ஒருமுறை சொன்னேன். "கெடுக்கதுக்கு இனிமே என்னம்மா மிச்சமிருக்கு?" என்றார்.

சக ஆசிரியை செண்பகாதேவி மறுபடியும் கேட்டாள், என் கணவர் கோமதி இறந்து ஆறு வருடம் ஆன பிறகும் நான் ஏன் மாமனாரோடு இருக்கிறேன் என்று. கல்லூரிக்குப் போய்வர வசதி என்றேன்.

ஜூலை 7, திங்கள்

செய்முறை நன்றாகவே நடந்தது. பிளேடைப் பிடிக்கத்தான் இன்னும் வரவில்லை. தடிமனாகச் சீவிவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். சாஃப்ரனின் சாயம் ஏறியதும் தண்ணீரைக் கடத்தும் சைலம் சிவப்பாகத் தெரிந்தது. வாஸ்குலார் கற்றைகள் வட்டம் கட்டி நிற்காமல் தண்டு முழுக்கச் சிதறியிருப்பதைப் பார்த்ததும் ஒரு பெண் "தாறுமாறா கெடக்கு மேடம்" என்றாள். அப்படித் தோன்றும். ஒவ்வொரு கற்றையும் மேலே ஏதோ ஓர் இலைக்குப் போகிறது. குறுக்காக வெட்டிப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் போக்குத் தெரியாது.

இரண்டு பேருக்குக் கை அரித்தது. ஊசிகளைக் காட்டினேன். சில செல்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும். செல் உடைந்தால் வெளியே பாயும். கருணைக்கிழங்கு காறுவதும் சேம்பு அரிப்பதும் இதனால்தான், எல்லாம் ஒரே குடும்பம் என்றேன்.

"செடிக்கே குத்தாதா மேடம்?"

ஊசிகள் ஓர் உறைக்குள் இருக்கின்றன, வெளியே வந்தால்தான் தொல்லை என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

பிற்பகல் வகுப்பில் இருந்தபோது வடிவு போன் செய்தாள். மாமாவுக்கு நாக்கு வீங்கிவிட்டது, பேச முடியவில்லை, எச்சில் ஒழுகுகிறது என்றாள். நான் போய்ச் சேர்வதற்குள் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாள். அதைச் சரியாகச் செய்தாள்.

மதியம் என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். பிடிகருணை மசியல் என்றாள் வடிவு. டாக்டர் தலையாட்டினார். "சரியா வேகலை போல. வயசானவங்களுக்குக் கவனமா செய்யணும்மா." ஊசி போட்டு மாலைவரை வைத்திருந்து அனுப்பினார்கள். மூச்சுக்கு ஆபத்து வரவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் வடிவு என் காதருகே பேசிக்கொண்டே வந்தாள். "அரிசி கழுவுன தண்ணி விட்டு, புளி கரைச்சு விட்டு, குழைய குழைய வேகவச்சேன்லா. நானுந்தான் தின்னேன். எனக்கு ஒண்ணும் செய்யலையே டீச்சரக்கா."

மாமா அவளைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ சொல்ல முயன்றார். எங்களுக்குப் புரியவில்லை.

ஜூலை 9, புதன்

ஓசூரிலிருந்து மைத்துனர் சங்கரலிங்கம் பேசினார்.

"மதினி, அந்தப் பொம்பளைய முதல்ல நிறுத்துங்க. அப்பா உசுரு போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

நியாயமான கேள்வி. வேறு விளக்கமும் என்னிடம் இல்லை. சில நாள் வர வேண்டாம் என்று வடிவிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அடுப்பைத் துடைத்து, துணியைப் பிழிந்து உதறிக் காயப்போட்டாள்.

"கெழங்கு காறுச்சுன்னு தெருவுல பேச்சு வந்துட்டுன்னா என்னை எவ வீட்டுல ஏத்துவா? ஒரு நல்ல விசயம் சொல்லுதேன், பெரியவருக்கு மோர்ல உப்பு போடாதிய. புண்ணு எரியும்."

பாளையங்கோட்டை என்ன பெரிய ஊரா, எல்லாரும் பேசுவதற்கு என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, சின்ன ஊரில்தான் பேசுவார்கள்.

ஜூலை 10, வியாழன்

விடுப்பு எடுத்திருக்கிறேன். மாமாவுக்குக் கஞ்சி. வீக்கம் குறைந்துவிட்டது. அதிகம் பேசவில்லை.

மசியலில் மிச்சம் ஃபிரிட்ஜில் இருந்தது. எனக்குக் கருணை பிடிக்காது. அன்று நான் மதியச் சாப்பாட்டுக்கு எலுமிச்சைச் சாதம் கொண்டுபோயிருந்தேன். இன்று ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துக் காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. ஒரு கரண்டி தின்றேன். காறவே இல்லை. சுவையாகக்கூட இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

வடிவு இல்லாததால் கூடத்தை நான் பெருக்கினேன். பிரம்பு நாற்காலிக்குப் பின்னால் மாமாவின் துப்பல் கிண்ணம் செவ்வாய்க்கிழமையிலிருந்து கழுவப்படாமல் இருந்தது. ஆஸ்பத்திரி ஓட்டம் இல்லாவிட்டால் வடிவு அன்றே கழுவியிருப்பாள்.

காய்ந்த சிவப்புக்கு நடுவே மென்ற பச்சைச் சக்கை. வெற்றிலைதான் என்று கவிழ்க்கப் போனேன். விளிம்பில் கிள்ளிய ஒரு நுனி ஒட்டியிருந்தது. ஆத்தூர் வெற்றிலையின் நுனி இவ்வளவு தடிப்பாக இராது. நிமிர்ந்து சன்னலைப் பார்த்தேன். வெற்றிலை டப்பாவுக்கு மேலே தொங்கும் கொடியில், கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு காம்பு இலையில்லாமல் நின்றது. நகத்தால் கிள்ளிய காம்பு.

தண்டு வெட்டியபோது நானே கிள்ளியிருக்கலாம். ஊகத்தில் முடிவுக்கு வரக் கூடாது. நுனியையும் சக்கையையும் ஸ்பிரிட் ஊற்றிய சிறு சீசாவில் போட்டு வைத்தேன்.

ஜூலை 12, சனி

ஆய்வகத்தில் யாரும் இல்லை. நுனியைக் கேரட் துண்டின் பிளவில் வைத்து மெல்லியதாகச் சீவினேன். ஒப்பிட ஒரு வெற்றிலை, ஒரு மணிபிளான்ட் இலை.

வெற்றிலையில் மேல்தோலுக்கு அடியில் இன்னும் இரண்டு மூன்று அடுக்கு நிறமற்ற செல்கள் இருக்கும். எண்ணெய்ச் செல்கள் இருக்கும். அந்த மணம் அதிலிருந்துதான். சீசாவிலிருந்து எடுத்த நுனியில் இவை எதுவும் இல்லை. இலையின் உள்ளே காற்று இடைவெளிகளுக்குள் கைகால் நீட்டிக்கொண்டு கிடக்கும் தடித்த செல்கள் இருந்தன. ஊசிக்கட்டுகள் இருந்தன. சில காலியாக, உறை மட்டும்.

சக்கையிலும் அதே, மணிபிளான்ட் இலையிலும் அதே.

வீட்டுக்கு வந்து செடியைக் கூடத்திலிருந்து எடுத்து மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். அதற்கு இங்கே வெளிச்சம் போதவில்லை என்று மாமாவிடம் சொன்னேன்.

"அங்ஙன இன்னும் இருட்டால்லா இருக்கும்?" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

சங்கர் பேசினார். அடுத்த ஞாயிறு வருகிறாராம். கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோருக்கான இல்லம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார். டாக்டர், நர்ஸ் எல்லாம் உண்டு. அப்பாவுக்கு ஞாபகம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். மறதி ஏதாவது இருந்தால் ஒருநாள்கூட தள்ளிப்போட மாட்டேன் என்றார்.

எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

காற்றுவேர் ஒன்றைக் குறுக்காகச் சீவினேன். பாடத்திட்டத்தில் இல்லை, ஆனாலும் மாணவிகளுக்குக் காட்டலாம். தண்டில் சிதறிக் கிடக்கும் சைலம் வேருக்குள் ஒழுங்காக வட்டமிட்டு நிற்கிறது. கணுவில், தண்டு வேராகும் இடத்தில் கற்றைகள் எப்படித் திரும்புகின்றன என்று பார்க்க வேண்டும். வேலை பிடிக்கிற வேலை. நுண்ணோக்கியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

வடிவு வந்தாள். உள்ளே வரவில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வக்கீல் வீட்டிலும் நிறுத்திவிட்டார்களாம்.

"கெழவனுக்கு விசம் வச்சவன்னு சொல்லுதாளாம் வக்கீலம்மா. கெழங்கைத் தொட்டா இனி என் கை விளங்காது, ஆமா. நீங்க படிச்சவிய. நீங்களே சொல்லுங்க, நான் வேகவைக்காம வச்சேனா?"

இல்லை என்று சொல்வதற்கு ஒரு சொல்தான் தேவை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் என்ன நடந்தது என்பது. வடிவுக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தால் சங்கருக்குத் தெரியும்.

"பார்த்துக்கிட்டிருக்கேன் வடிவு" என்றேன்.

"என்னத்தப் பாக்கிய? ஒரு வாரமா பாக்கிய" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கணுவைச் சீவுவதில் இன்று மனம் செல்லவில்லை.

ஜூலை 19, சனி

காலையில் கூடத்து மேசையில் நுண்ணோக்கியோடு இருந்தேன். மாமா வந்து பின்னால் நின்றார்.

"நாலு நாளா ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டு என்னத்தம்மா பாக்க?"

மணிபிளான்ட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன் என்றேன். தானும் பார்க்க வேண்டும் என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். தெளிவாகத் தெரிய ஏற்றி இறக்கித் தந்தேன்.

"ஊசி ஊசியா இருக்கே."

"அதுதான் காறும், மாமா. வாயில பட்டா வீங்கிரும்."

அவர் நிமிரவில்லை. வெகுநேரம் பார்த்தார். அவ்வளவு நேரம் பார்க்க அந்தத் துண்டில் ஒன்றும் இல்லை.

"அப்ப நான் தின்னது கெழங்கு இல்ல."

"இல்ல, மாமா."

"இதுதான்."

"ஆமா."

நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நானும் எழுந்து போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"வாயில வச்சப்பவே மணமே இல்லைன்னு தெரிஞ்சுது. நம்ம கொடிக்கால் இல்ல, எவனோ வேற வெத்தலையைத் தள்ளிட்டாம்னு நெனச்சேன். துப்பணும்னு தோணல பாத்துக்கோ. குத்துச்சு. வெத்தலைதானே, வெத்தலை எப்படிக் குத்தும்னு மென்னேன்." கொஞ்சம் நிறுத்தினார். "கொடி இங்ஙன, டப்பா இங்ஙன. கை எதுல போச்சுன்னு இப்பவும் நெனப்பு வரல. ஆட்டோவுல அந்தப் பிள்ளை பொலம்புனப்போ என்னமோ சொல்ல வந்தேன். என்ன சொல்ல வந்தேன்னும் தெரியல."

சாதாரண மறதிதான், யாருக்கும் வரும் என்று தொடங்கினேன்.

"நீ பொய் சொன்னா நல்லா இல்லம்மா" என்றார். "வடிவை ஏன் நிப்பாட்டுனே?"

சங்கர் சொன்னதைச் சொன்னேன், இல்லத்தைப் பற்றியும். அவருக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்றுதான் இத்தனை நாளும் வாய் திறக்கவில்லை என்றேன்.

"சிக்னலைப் பாக்காம வண்டியை விட்டவன் நானு. தண்டவாளம் மாத்துத பாயிண்ட்ஸ்மேன் மேல பழியை எழுதி வச்சா அது ஸ்டேஷனா?" என்றார். பிறகு காபி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். ஆறிப்போகும்வரை குடிக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

சங்கர் வந்து குளித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை மாமா காத்திருந்தார். பிறகு, பயணம் எப்படி இருந்தது என்று கேட்கும் அதே குரலில் சொன்னார்.

"ஏல சங்கரு, வடிவு மேல தப்பில்ல. வெத்தலைன்னு நெனச்சு நாந்தான் செடியைக் கிள்ளித் தின்னுட்டேன். உன் மதினி மைக்ராஸ்கோப்புல பாத்து ருசு பண்ணிட்டா."

சங்கர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எப்ப தெரியும் மதினி?"

"போன வாரம் சனிக்கிழமை."

"நான் ஞாயித்துக்கிழமை கேட்டேனே. ஒண்ணும் இல்லைன்னீங்க."

"ஆமா. பொய்தான் சொன்னேன்."

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பாவின் பக்கம் திரும்பி, "இன்னைக்கு இலை. நாளைக்கு கேஸைத் திறந்து விட்டுட்டா என்னப்பா செய்ய?" என்றார். குரல் உடைந்திருந்தது. இவரை நான் ஆறு வருடமாக அவசரக்காரர் என்று மட்டுமே எடைபோட்டு வைத்திருந்தேன்.

"திறந்து விட்டா அதோட போயிட்டு போறேன். ஒனக்கும் ஒரு தொல்லை விட்டுது" என்றார் மாமா.

"அப்பா, வெளையாடாதீங்க."

"பின்னே அழவா சொல்லுத?"

சங்கர் என்னிடம் வந்தார். "நீங்க எதுக்கு மதினி இந்தப் பாரத்தைச் சுமக்கணும்? அண்ணனும் இல்ல. காலேஜுக்கு இங்கேருந்து ரெண்டு பஸ் மாறிப் போறீங்க. பக்கத்துலயே ஒரு வீடு பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்லா."

"ரெண்டு பஸ் பழகிப்போச்சு" என்றேன்.

அது போதாது என்று எனக்கே தெரிந்தது. மாமா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். வேறு நேரமும் இல்லை.

"அப்பா இங்கேயே இருக்கட்டும் சங்கர். அவுகளுக்காகக் கேக்கலை. எனக்காகக் கேக்கேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவுக இருக்கணும்."

எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது. சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டேன்.

மூளை நரம்பு டாக்டரிடம் காட்டுவது. வடிவு பகல் முழுவதும் இருப்பது. மாதம் ஒருமுறை சங்கர் வருவது. நிலைமை மாறினால் மறுபடி பேசுவது. இதுதான் முடிவு. இதில் எதையும் நான் மறைக்கக் கூடாது என்று சங்கர் சொன்னார். சரி என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

வடிவு வீட்டுக்குப் போனேன். வழியை விசாரித்துத்தான் போக வேண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் நான் போனதில்லை. நடந்ததைச் சொன்னேன், தெரிந்தும் பேசாமல் இருந்ததையும். வாசலில் நிற்கவைத்தே கேட்டாள்.

"வாரேன். ஆனா சும்மா வரமாட்டேன். என்னை நிப்பாட்டுனதைத் தெருவே பாத்துது. கூட்டுனதையும் பாக்கணும். வீடு வீடா வந்து நீங்க வாயால சொல்லணும்."

வீட்டுக்கு வந்து மாமாவிடம் அனுமதி கேட்டேன். அவருடைய விஷயத்தைத்தான் தெருவில் சொல்ல வேண்டியிருக்கும். "லைன் கிளியர்" என்றார்.

இந்தத் தெருவில் பால்காரரைத் தவிர யாரிடமும் நான் நின்று பேசியதில்லை. முதலில் வக்கீல் வீடு. கால்சியம் ஆக்சலேட்டில் தொடங்கினேன். வடிவு முழங்கையால் இடித்தாள்.

"அதெல்லாம் பெறவு. கெழங்கு இல்ல, இலைன்னு சொல்லுங்க."

"கிழங்கு இல்லை. மாமாவுக்கு மறதி வருது. மணிபிளான்ட்டை வெத்தலைன்னு நினைச்சுத் தின்னுட்டாங்க. வடிவு சமையல்ல எந்தக் குறையும் இல்லை. மசியலை நானே தின்னு பாத்தேன்."

"சத்தமா சொல்லுங்க டீச்சரக்கா, வக்கீலம்மாவுக்குக் காது மந்தம்."

வக்கீலம்மாவுக்குக் காதில் எந்தக் குறையும் இல்லை என்பது மூன்றாவது வீட்டுக்குப் போகும்போதுதான் தெரிந்தது. அதற்குள் இரண்டு முறை சத்தமாகச் சொல்லியிருந்தேன். ஒரு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்க மாமனாரும் கடைசியில இப்படித்தான் இருந்தாக என்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கொடுத்துவிட்டு நின்றேன்.

ஜூலை 26, சனி

மூளை நரம்பு டாக்டர் மாமாவைக் கடிகாரம் வரையச் சொன்னார். ரயில் கடிகாரத்தோடு முப்பத்தைந்து வருடம் வாழ்ந்தவர். வட்டம் அழகாக வந்தது. எண்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் நெருங்கி நின்றன. பார்த்துவிட்டு, "டயம் சரியா இல்ல போலுக்கே" என்றார். மறதி நோயின் தொடக்க நிலை, மாத்திரை கொஞ்சம் தாமதப்படுத்தும் என்றார் டாக்டர். எவ்வளவு என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டர், இவரிடமே காட்டலாம்.

சங்கருக்குப் போனில் அனைத்தையும் சொன்னேன்.

ஆகஸ்ட் 2, சனி

வெற்றிலையை அடியோடு நிறுத்த மாமா சம்மதிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் என் கையால் என்று முடிவாயிற்று. வார நாட்களில் வடிவிடம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

இன்று விடுமுறை. வடிவு துவரம்பருப்புத் துவையலும் புளியில்லாக் கறியும் வைத்திருந்தாள். சாப்பிட்டதும் மாமா நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். எனக்கு நரம்பு உரிக்கச் சரியாக வரவில்லை, இலை கிழிந்தது. "பாஸ் மார்க் போடலாம்" என்றார். சுண்ணாம்பைக் குறைத்துத் தடவிக் கொடுத்தேன்.

வாயில் போடவில்லை. மூக்கருகே கொண்டுபோனார். திருப்பிப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு இலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என்ன என்று கேட்கவிருந்தேன். அதற்குள் புரிந்துவிட்டது.

"வெத்தலைதான், மாமா."

"சரி" என்று வாயில் போட்டுக்கொண்டார்.